வரவேற்பறையில் ஒரு தெரிந்த முகம்

நேர்காணலுக்கு வரச் சொல்லி வீட்டின் மூத்த பெண்ணுக்கு மின்னஞ்சல் வந்ததையும், அதை அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் படித்ததையும் போன வாரம் பார்த்தோம். அந்த நாள் இன்று விடிந்துவிட்டது.

பெரியவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரியே போட்டு மாட்டி வைத்த சட்டைதான். கை சும்மா இருந்தால் வயிறு கலக்க ஆரம்பித்துவிடும் என்பதால் போட்டதற்கே மறுபடி போட்டாள்.

சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். விடுமுறையில் ஏதாவது ஒரு சட்ட நிறுவனத்தில் மூன்று வாரம் இன்டர்ன்ஷிப் செய்தால்தான் படிப்பு முடிந்ததும் மதிப்பார்கள் என்று கூடப் படிப்பவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவளும் விண்ணப்பங்களை அனுப்பித் தள்ளினாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஓர் இடத்திலிருந்து வேறு யாரோ ஒருத்தி பெயருக்கு 'வருந்துகிறோம்' என்று வந்தது. அந்த யாரோ ஒருத்திக்காகவும் சேர்த்து இவளே வருந்தினாள்.

இதற்கு முன் நேர்காணல் வரைக்கும் போனது ஒரே ஓர் இடம். எங்கள் நிறுவனத்தில் சேர ஏன் ஆசை என்று அங்கே கேட்டார்கள். பதற்றத்தில், இன்னொரு நிறுவனத்துக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள், அந்த இன்னொரு நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து. எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது சின்னவள் அந்தப் பாடெல்லாம் படவில்லை. தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

சின்னவள் ஓர் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். அக்காவைவிட மூன்று வயது இளையவள். வாய் மட்டும் பத்து வயது மூத்தது.

அம்மாவுக்கு மருந்துக்கடையில் காலை முறை. கிளம்புமுன் பெரியவளின் பையில் வயிற்று மாத்திரை ஓர் அட்டையைச் சொருகிவிட்டு, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். மருந்துக்கடையில் நிற்கிறவளின் ஆசி அப்படித்தான் இருக்கும்.

அப்பா கூடத்தில் பெரியவளின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இடது கையில் மிச்சமிருந்த விரல்களுக்கு நடுவே ஷூவை இடுக்கிக்கொண்டு, வலது கையால் தேய்த்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். போன வருஷம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே அசையாமல் நிற்க வேண்டிய பெட்டி நகர்ந்து இறங்கிவிட்டது. உயிர் தப்பியது, இரண்டு விரல் போயிற்று. மெயின் சுவிட்சை அணைக்காமல் குழிக்குள் இறங்கியது அவர் தப்பு என்று சொல்லி கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன் என்று அப்பா தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அது வாய்தா வாய்தாவாக நகர்ந்துகொண்டிருந்தது. தொழிற்சங்கத்து வக்கீல்தான் நடத்துகிறார். நல்ல மனுஷர். வருஷம் பூராவும் ஜலதோஷம். கம்பெனி இப்போது பழைய வக்கீலை மாற்றிவிட்டுப் பெரிய இடமாகப் பிடித்திருக்கிறது என்று போன வாய்தாவில் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாராம். பெரியவளுக்கு அப்போது பரீட்சை. காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

ஷூவை நீட்டிய அப்பா, "போய்ட்டு வா வக்கீலம்மா" என்றார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

பேருந்தில் சின்னவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பரீட்சை வைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய கடையும் அதே வழியில்தான். சீப்பை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தடியாக்கிக்கொண்டு, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். முன் சீட்டில் இருந்தவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பலவீனம் என்ன?"

"என் தங்கச்சி."

"இதையே அங்கயும் சொல்லு. கண்டிப்பா எடுத்துப்பாங்க" என்றாள் சின்னவள். இறங்குகிற இடம் வந்ததும் அக்காவின் நெற்றியில் விழுந்த ஒற்றை முடியை ஒதுக்கிவிட்டு, இனிமேல் தலையில் கை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனாள்.

சட்ட நிறுவனம் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் பெரியவளுக்குப் போன வருஷத்திலிருந்து. மூடிக்கொண்டே ஏறி, மணி அடித்ததும் திறந்தாள்.

வரவேற்பறையில் சாம்பல் நிற சோபாக்கள், சத்தம் வராத தரைவிரிப்பு. மூச்சு விடுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டும் போல ஓர் அமைதி. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தன் டை கட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தில் உலகத்தையே வாங்கிவிடப் போகிறவன் மாதிரிக் காலாட்டிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி நகத்தைக் கடித்துக் கடித்து, கடிக்க நகமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அந்தப் பெண், காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று கிசுகிசுத்தாள். பெரியவள் அம்மா கொடுத்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தாள், ஒன்றைத் தானும் போட்டுக்கொண்டாள். முன்பின் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து மாத்திரை விழுங்கியதில் இருவருக்குமே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் லிஃப்ட் கதவு திறந்து அவர் உள்ளே வந்தார்.

முதலில் அடையாளம் தெரியவில்லை. எங்கேயோ பார்த்த முகம் என்று மட்டும் தோன்றியது. அவர் எதிர் சோபாவில் உட்கார்ந்து, கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டதும் சட்டென்று நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதே மாதிரிதான் பிடரியைத் துடைத்தார். கையில் ஒரு கிலோ திராட்சை. கவலையே படாதீர்கள், கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவுக்குத் தையல் பிரிப்பதற்கு முன்னால் வேலைநீக்கக் கடிதம் வந்தது. கையெழுத்து இவருடையது. அப்பாவின் மேனேஜர்.

இவர் இங்கே எதற்கு என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஓர் இளைய வக்கீல் வேகமாக வந்தார். வாங்க சார், அந்த மெக்கானிக் விஷயமாக எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே மேனேஜரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

பெரியவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. சங்கத்து வக்கீல் சொன்ன 'பெரிய இடம்' இதுதான்.

கழிப்பறைக்குப் போகிறேன் என்று வரவேற்பாளரிடம் சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போனாள். சின்னவளுக்குப் போன் போட்டாள். பின்னால் முடி உலர்த்தும் மெஷின் சத்தம். விஷயத்தைச் சொன்னதும் மெஷின் நின்றது. சின்னவள் யாரிடமோ ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் தள்ளி வந்தாள் போலிருக்கிறது.

"அக்கா, வாயைத் தொறக்காத. அவங்களுக்கா தெரியப்போகுது? மூணு வாரந்தானே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உள்ள போய்ட்டா, அப்பாவோட ஃபைலை நீ பாக்கலாம் இல்ல?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சின்னவளுக்கே உறைத்திருக்க வேண்டும்.

"சும்மா சொன்னேன்" என்றாள்.

"தெரியும்" என்றாள் பெரியவள்.

சும்மா சொன்னதுதான். ஆனால் மேனேஜரைப் பார்த்த அதே நிமிஷத்தில் தன் மனசுக்குள்ளும் அதே எண்ணம் எட்டிப் பார்த்ததை அவள் தங்கையிடம் சொல்லவில்லை. எந்த அலமாரியில் இருக்கும், யார் மேஜையில் இருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தது மனசு. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

படியிலேயே வெகு நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது டை கட்டியவன் போயிருந்தான், நகம் கடித்தவள் உள்ளே போய்விட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். அடுத்தது பெரியவள்.

அறையில் இரண்டு பேர். ஒருவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த மூத்த வக்கீல் அம்மாள். இன்னொருவர் தடித்த கண்ணாடி போட்ட ஓர் ஆள், மடிக்கணினிக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக்காரர், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தார்.

பேருந்தில் சீப்புக்கு முன்னால் தடையில்லாமல் வந்த ஒரு வரியும் இப்போது வரவில்லை. தண்ணீர் கேட்டாள். அம்மாள் தானே எழுந்து ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். எங்கப்பா ஒரு லிஃப்ட் கம்பெனி மேல கேஸ் போட்டிருக்கார். அந்தக் கம்பெனி உங்க கட்சிக்காரர்னு இங்க வந்து உக்காந்த பிறகுதான் எனக்குத் தெரியும். வெளியில அவங்க மேனேஜரைப் பார்த்தேன்."

அம்மாள் கையை உயர்த்தினார். "போதும். கேஸைப் பத்தி இதுக்கு மேல ஒரு வார்த்தையும் எங்ககிட்ட சொல்லாதீங்க. உங்கப்பாவுக்கு அது நல்லதில்லை."

அதட்டல் மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்த அதட்டலில் இருந்த அக்கறை பெரியவளுக்குப் புரிந்தது. அம்மாள் கண்ணாடிக்காரரைப் பார்க்க, அவர் எழுந்து வெளியே போனார். உண்மையா என்று பார்த்துவரப் போயிருக்கிறார்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாமே?" என்று அம்மாள் சாதாரணமாகக் கேட்டார்.

"இருந்திருக்கலாம் மேடம். ஆனா மூணு வாரமும் உங்க அலமாரியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். வேலை ஓடாது."

அம்மாள் உதட்டின் ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்துபோனது. கண்ணாடிக்காரர் திரும்பி வந்து தலையை மட்டும் ஆட்டினார். இத்தோடு அனுப்பிவிடுவார்கள் என்று பெரியவள் பையைக் கையில் எடுத்தாள். அம்மாள் பையைக் கீழே வைக்கச் சொன்னார். வந்தது வந்தீர்கள், இன்டர்வியூவை முடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

இனி கிடைக்காது என்று தெரிந்த பிறகு நடந்ததால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு அவளுக்குப் பதற்றமே வரவில்லை. வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒன்றைக் கண்டுபிடித்தாள், ஒன்றைத் தவறவிட்டாள். தவறவிட்டதை அவர்கள் காட்டியபோது, ஆமாம், அதைப் பார்க்கவில்லை என்றாள். ஒரு கேள்விக்கு, தெரியாது, எங்கே தேட வேண்டும் என்று மட்டும் தெரியும் என்றாள். ஏன் இந்த நிறுவனம் என்றபோது முந்தின நேர்காணலில் நடந்த கூத்தையும் சொல்லிவிட்டாள். கண்ணாடிக்காரர் மடிக்கணினிக்குப் பின்னால் முழுவதுமாக மறைந்துகொண்டு சிரித்தார்.

கடைசியில் அம்மாள் பேனாவை மூடிவைத்தார். அந்த வழக்கு நடக்கிறவரைக்கும் அவளை இந்த அலுவலகத்துக்குள் விட முடியாது, அது நியாயமும் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அவள் இங்கே வந்ததையும் சொன்னதையும் கட்சிக்காரரிடம் தெரிவித்தாக வேண்டும். அவளும் அப்பாவின் வக்கீலிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

"கேஸ் முடிஞ்சதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க. இன்னொரு தடவை இன்டர்வியூ வேண்டாம்" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது பெரியவளுக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பசிதான் வந்தது.

வீட்டில் அப்பா பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். அவள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். மேனேஜர் வந்ததைச் சொன்னபோது அப்பா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். அம்மாள் கடைசியாகச் சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"கேஸ் முடிஞ்சதும்னா சொன்னாங்க?"

"ஆமாப்பா."

"அது ஒண்ணுதான் தடையா?"

அது ஒன்றுதான் என்றாள். அவர் கேட்ட விதத்தை அவள் கவனித்திருக்க வேண்டும். பசி கவனிக்க விடவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, விசிறிக்கு ஒரு கெப்பாசிட்டர் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவள் முட்டையை உடைத்து ஊற்றி, ரொட்டியோடு நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

சின்னவள் அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். பாதி வெட்டின தலையைத் தன்னோடு வேலை பார்க்கிறவளிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தாளாம். அக்கா உள்ளே என்ன செய்தாள் என்று கேட்டவள், சொல்லக் கேட்டு, நல்லவேளை நான் சொன்னதை நீ கேட்கவில்லை என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். பெரியவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

சங்கத்து வக்கீலிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தபோது, அவரே கூப்பிட்டார்.

"அப்பா வந்துட்டாராம்மா?" என்று தும்மினார். "இல்ல, இப்பதான் இங்கேருந்து கிளம்பினார். கேஸை வாபஸ் வாங்கணும்னு சொல்றார். எங்க கையெழுத்துப் போடணும்னு நின்னார். நாளைக்கு வாங்கன்னு அனுப்பியிருக்கேன். வீட்ல என்ன நடக்குது?"

பெரியவள் அவரிடம் காலையில் நடந்ததைச் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. நீங்கள் செய்தது சரி, அவரை மட்டும் நாளைக்கு இங்கே வரவிடாமல் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அப்பா திரும்பி வந்தபோது கையில் கெப்பாசிட்டர் இல்லை. இரண்டு பெண்களும் கூடத்தில் நிற்பதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. எதுவும் நடக்காத மாதிரி மறுபடி விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

வாபஸ் வாங்கினால் தப்பு உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பெரியவள் சொன்னாள். ஆகட்டும், நடந்ததை யாராவது மாற்ற முடியுமா, விரல் திரும்பி வருமா என்றார் அப்பா. உன் வாழ்க்கைக்கு முன்னால் என் பெயர் என்ன பெரிய பெயர் என்றார். சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அப்பாவுக்கு எதிரே, மின்விசிறி உதிரிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். இந்த ஒரு வருஷத்தில் வீட்டில் யாருமே அவரிடம் நேராகக் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்று எல்லோருமே சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, அன்னிக்கு சுவிட்சை அணைச்சீங்களா?"

அப்பா நிமிர்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் வந்து கதவைத் தட்டியது மாதிரி அவர் முகம் தளர்ந்தது.

"அணைச்சேன். அதுல உனக்கு சந்தேகமே வேண்டாம்" என்றார். கீழே கிடந்த ஒரு திருகாணியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அதைத் திரும்பப் போட்டது யாருன்னும் எனக்குத் தெரியும். கோர்ட்ல சொல்லல. வக்கீல்கிட்டயும் சொல்லல."

"யாரு?"

கேட்டது பெரியவள் இல்லை, சின்னவளும் இல்லை. மருந்துக்கடையிலிருந்து திரும்பி, ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மறு செருப்பைக் கழற்ற மறந்து, வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.